சவாரோ கள்ளி விதையைக் கவுண்டர்ல இருந்து மீட்டு எடுத்த கதை

விதை முளைச்சே வந்துடுச்சு, ஆனா பார்சலைப் புடிச்சு வச்ச ஆபீஸ் கவுண்டர்ல நின்ன கடுப்பு இன்னும் போகல. சவாரோ தெரியும்ல, கௌபாய் படத்துல ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்குமே, அரிசோனா பாலைவனத்துக் கள்ளி. இங்க கோலாலம்பூர் பக்கம் நர்சரியில அந்தப் பேரைச் சொல்லி விக்கிறது முக்காவாசி செரியஸ்னு (Cereus) வேற கள்ளிதான், அதனாலதான் விதையாவே வரவழைக்கலாம்னு இறங்கினேன்.

இம்போர்ட் பர்மிட் ஆன்லைன்ல எடுத்தாச்சு, அதுல பிரச்சினை இல்ல. விக்கிறவன்தான் சதி பண்ணிட்டான். பைட்டோசானிட்டரி சர்ட்டிபிகேட், அதாவது விதையில பூச்சி, நோய் இல்லன்னு குடுக்கிற சான்று, அதுக்குன்னு தனியா காசு வாங்கிட்டு, பார்சல்ல வெறும் இன்வாய்ஸ் மட்டும் வச்சு அனுப்பியிருக்கான், அதுலயும் 'கேக்டஸ் சீட்ஸ்'னு மொட்டையா. என் பர்மிட்ல கார்னேஜியா ஜைகான்டியான்னு சவாரோவோட முழு லத்தீன் பேரு இருக்கு, ரெண்டும் ஒத்துப்போகல, பார்சலைப் புடிச்சு வச்சிட்டாங்க. அவன்கிட்ட சண்டை போட்டு, மறந்து வச்ச ஒரிஜினலைக் கூரியர்ல வாங்கி எடுத்துட்டுப் போனா, கவுண்டர்ல இருந்தவரு அடுத்த குண்டைப் போட்டாரு, கள்ளின்னா சைட்டிஸ் (அழியக்கூடிய செடி, விலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பர்மிட் எங்கன்னு. செடிக்குத்தான் சார் அது வேணும், மெக்சிகோவுல இருந்து வர்ற மெக்சிகோ கள்ளி விதையைத் தவிர மத்த கள்ளி விதைக்கு விலக்கு இருக்குன்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல, 'பெசோக் டத்தாங் லா', நாளைக்கு வான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. மறுநாள் அந்த விதியைப் பிரிண்ட் எடுத்து மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன், உள்ள இருந்த பெரிய ஆபீசர் அம்மா ஒரு தடவை படிச்சாங்க, டப்புன்னு சாப் (முத்திரை) அடிச்சுக் குடுத்துட்டாங்க! முந்தின நாள் கவுண்டர்ல இருந்தவரு என் முகத்தையே பார்க்கல.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே சர்ட்டிபிகேட், இன்வாய்ஸ், பர்மிட் மூணுலயும் லத்தீன் பேரு எழுத்து மாறாம இருக்கணும்னு சொல்லிடுங்க, பார்சல் ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ள வச்ச பேப்பருக்கு போட்டோ கேளுங்க.

முளைக்க வைக்கிறது ஈசி. மேலாப்புல தூவினா போதும், வெளிச்சம் வேணும், மண்ணு போட்டு மூடக்கூடாது. நம்ம ஊரு சூடே அதுக்குப் போதும். எமன் மழைதான். சவாரோ வளர்ற அரிசோனாவுல டூசான் ஊர்ல வருஷத்துக்கே சுமார் 300 மில்லிமீட்டர், இங்க 2,400க்கு மேல. பாதி பியூமிஸ் (ஓட்டை ஓட்டையா இருக்கிற எரிமலைக் கல்லு), பாதி பெருமணல், மேல பிளாஸ்டிக் கூரை, பக்கத்துல ஒரு சின்ன பேன், இது இல்லாம அழுகிடும். நான் ஊர்ல இல்லாதப்ப பக்கத்து வீட்டு ஆண்டி பாசத்துல தெனமும் தண்ணி ஊத்தி ஒரு தட்டையே காலி பண்ணிட்டாங்க, என்னன்னு கேக்குறது.

அம்மா வேற எப்ப பூக்கும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அது பிறந்த ஊர்லயே பூக்க சுமார் 35 வருஷம், கை வர 50, 75 வருஷம் ஆகும், முதல் எட்டு வருஷத்துல ஒன்றரை இஞ்ச் வளந்தா பெருசு. அவசரக்காரங்க டிராகன் புரூட் தண்டுல ஒட்டுக் கட்டிப் பாருங்க, வேகமா வளரும், மழையையும் கொஞ்சம் தாங்கும், நானும் ரெண்டை அப்படித்தான் கட்டி வச்சிருக்கேன்.