இரண்டு தலைநகரங்களின் கோப்புகள்: ரஷ்ய-ஜப்பான் உறவு ஆய்வுக்கு நான் வந்த வழி

ரஷ்ய-ஜப்பான் ராஜதந்திர வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு மாணவர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதைவிட, நான் கடந்து வந்ததை இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னை இழுத்தது 1904-05 ரஷ்ய-ஜப்பான் போரல்ல, போருக்குப் பின் நடந்தது. 1905 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்ஸ்மத்தில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரிந்த இரண்டு நாடுகள், இரண்டே ஆண்டுகளில் ரகசியமாக உட்கார்ந்து சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவை வடக்கு, தெற்கு என்று பங்கு போட்டுக்கொண்டன. 1907, 1910, 1912, 1916 என்று அடுத்தடுத்து நான்கு உடன்பாடுகள். கடைசியாக வந்தது கிட்டத்தட்ட ராணுவக் கூட்டணியே. மறு ஆண்டே ரஷ்யாவில் புரட்சி வந்து, போல்ஷிவிக்குகள் ஜார் அரசின் ரகசிய ஒப்பந்தங்களை ஊரறிய அச்சிட்டுவிட்டார்கள். எதிரிகள் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள் என்பதுதான் என் ஆய்வின் கேள்வி.

முதலில் மொழி. ரஷ்யனும் ஜப்பானியமும் தெரிந்தால் போதும் என்று நம்பி வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிரெஞ்சும் வேண்டும். அந்தக் காலத்து ஒப்பந்த வாசகங்கள் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. 1907 உடன்பாட்டில் ஜப்பான் சார்பில் கையெழுத்திட்ட, ரஷ்யாவுக்கான ஜப்பான் தூதர் மோட்டோனோ இச்சிரோ பிரான்ஸில் லியோன் நகரில் சட்டம் படித்தவர். இன்றைய ஜப்பானியம் மட்டும் தெரிந்தவர் மெய்ஜி பேரரசர் காலத்துக் (1868-1912) கடிதங்களின் முன் திணறத்தான் வேண்டும். சோரோபுன் என்ற பழைய கடித நடை, அதிலும் தூரிகையால் கிறுக்கிய கையெழுத்து. ஜப்பானின் சப்போரோ நகரில் வாரம் ஒருமுறை கூடும் ஒரு வாசிப்பு வட்டத்தில் உட்கார்ந்து பழகித்தான் எனக்குப் பிடிபட்டது. தனியாகப் படித்து வந்திருக்காது.

டோக்கியோ பக்கம் ஒப்பீட்டளவில் சுலபம். வெளியுறவு அமைச்சகத்தின் ராஜதந்திர ஆவணக்காப்பகம் 1971 முதல் திறந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோப்புகளில் பெரும்பகுதியை, 2001-இல் தொடங்கிய ஆசிய வரலாற்று ஆவண மையம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘பி’ எழுத்தில் தொடங்கும் குறிப்பு எண்கள் எல்லாம் வெளியுறவு அமைச்சகத்துடையவை. ஆனால் எல்லாம் மிஞ்சவில்லை. 1945 மே மாத விமானத் தாக்குதலில் அமைச்சகக் கட்டடத்தோடு நிறைய எரிந்துபோனது. வரிசை எண் போட்ட தந்திகளில் நடுவே சில எண்கள் இல்லையென்றால், அதை வைத்தே பெரிய கதை கட்டாதீர்கள். நெருப்பு தின்றதாகவும் இருக்கலாம்.

மாஸ்கோ வேறு உலகம். ரஷ்யப் பேரரசின் வெளியுறவுக் கொள்கை ஆவணக்காப்பகத்தை ஆய்வாளர்கள் ஆவ்பிரி என்பார்கள். அங்கே ‘ஜப்பான் மேசை’ என்ற பெயரில் தனி ஃபோந்தே, அதாவது ஆவணத் தொகுப்பே, உண்டு. ஃபோந்து (தொகுப்பு), ஓபிஸ் (பட்டியல்), தேலோ (கோப்பு), லிஸ்த் (தாள்) என்ற நான்கு எண்களும் இல்லாத அடிக்குறிப்பை யாரும் மதிக்க மாட்டார்கள். உள்ளே போக, நிறுவனத்தின் முத்திரையோடு ‘அத்னஷேனியே’ என்ற அறிமுகக் கடிதம் வேண்டும். அதில் ஆய்வுத் தலைப்பும் காலவரம்பும் இருக்க வேண்டும். வரம்பை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே எழுதி வாங்குங்கள். நான் போன ஒரு காப்பகத்தில், கடிதத்தில் உள்ள ஆண்டுக்கு ஒரு வருடம் பிந்திய கோப்பைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதோடு சேர்த்து வைத்திருக்கும் பயன்பாட்டுத் தாளைத்தான். இதற்கு முன் யார் எப்போது படித்தார்கள் என்று அதில் கையொப்பம் இருக்கும். சில தாள்கள் ஒரு பெயர்கூட இல்லாமல் காலியாக இருக்கும். அந்தச் சந்தோஷம் தனி. சில அறிக்கைகளின் ஓரத்தில், ஜார் படித்தார் என்பதற்கு அடையாளமாகப் பென்சில் குறி இருக்கும். அது அழியாமலிருக்க மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள்.

நிஜமான வேலை அதற்கப்புறம்தான். ஒரே சந்திப்பை மோட்டோனோ தன் அமைச்சர் ஹயாஷிக்கு ஒருவிதமாக எழுதுவார், ரஷ்ய வெளியுறவு அமைச்சர் இஸ்வோல்ஸ்கியின் தரப்புக் குறிப்பு வேறுவிதமாக இருக்கும். தான் உறுதியாக நின்றதை நீட்டியும் விட்டுக்கொடுத்ததைச் சுருக்கியும் எழுதுவது தூதர்களின் வழக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பேரம் எங்கே நகர்ந்தது என்று தெரியும். தேதிகளும் படுத்தும். 1907 ஜூலை 30 அன்று கையெழுத்தான உடன்பாடு, பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ரஷ்யத் தாளில் ஜூலை 17, பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் ஜப்பானியத் தாளில் மெய்ஜி 40. முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில், மூன்று தேதிகளோடும் போட்டு வைப்பது நல்லது.

ஒரு தரப்பை மட்டும் படித்து எழுதுகிறவர்கள் வேகமாக முடித்துவிடுகிறார்கள். நம் பாடு அப்படியல்ல. பட்டம் வாங்கிய பிறகும் ஜேரெக்-இன் என்ற ஜப்பானிய ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளத்தில் வரும் அறிவிப்புகள் ‘ரஷ்ய வரலாறு’ அல்லது ‘நவீன ஜப்பானிய வரலாறு’ என்றுதான் இருக்கும். ரஷ்யத் துறைக்கு நாம் ஜப்பான்காரர், ஜப்பான் துறைக்கு ரஷ்யாக்காரர். நிரந்தர வேலை வரும்வரை ஹிஜோகின், அதாவது பகுதிநேர விரிவுரையாளர் பிழைப்புதான். 90 நிமிட வகுப்பு ஒன்று ஒரு கோமா. கோமா கணக்கில்தான் சம்பளம், விடுமுறை மாதங்களில் கை காய்ந்துவிடும். நான் அதில் சில ஆண்டுகள் ஓட்டினேன். இப்போது இருப்பதும் ஒப்பந்தகால வேலைதான். வீட்டு வாடகையை வேறொருவர் பங்கிடாவிட்டால் இந்தத் துறையில் தாக்குப்பிடிப்பது கடினம். இதை முன்கூட்டியே சொல்ல யாரும் முன்வருவதில்லை.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்த மார்ச்சில் ரஷ்யா, இரண்டாம் உலகப் போருக்காக ஜப்பானோடு இன்னும் முடியாதிருந்த சமாதான ஒப்பந்தப் பேச்சுகளை நிறுத்தியது. மாஸ்கோ போய் வருவதும் முன்பு போல எளிதல்ல. இப்போது தொடங்குகிறவர்கள் டோக்கியோ ஆவணங்களை முதுகெலும்பாக வைத்து, ரஷ்யப் பக்கத்துக்கு 1922 முதல் 1941 வரை வெளிவந்த ‘கிராஸ்னி ஆர்கிவ்’ என்ற சோவியத் வரலாற்று இதழில் அச்சான ஆவணங்களைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். 1916 உடன்பாட்டுக்கு நானும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். மாஸ்கோவில் பார்க்க வேண்டிய தேலோக்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. கட்டுரை அவை இல்லாமலேயே இந்த ஆண்டு போகிறது.