பாயசத்துக்கு வாங்கிய திராட்சையை நாய் தின்றபோது

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டில், வரலட்சுமி நோன்புப் பாயசத்துக்காக வாங்கிய சாங்லி உலர் திராட்சைப் பொட்டலத்தைக் கிழித்து, அதில் பாதியை எங்கள் லாப்ரடார் தின்றுவிட்டது. "பழம்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார் மாமியார். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஆனால் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இவ்வளவு வரை தின்னலாம் என்று நம்பத்தக்க வரம்பும் கிடையாது. பாதிப்பு ரத்தத்தில் தெரியவே ஓரிரு நாள் ஆகலாம் என்பதால், நாய் தெம்பாக இருப்பதைப் பார்த்து ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

தொலைபேசியில் மருத்துவர் கேட்டவை, நாயின் எடை, தின்ற அளவு, தின்ற நேரம் ஆகியவைதான். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்பே நஞ்சாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால்தான் பலன் அதிகம் என்பதால், ஆடி ஆவணி மழையில் நகரைக் கடந்து வழக்கமான மருத்துவரிடம் போகாமல், பக்கத்து கிளினிக்குக்கே சென்றோம்.

ஊசி போட்ட சற்று நேரத்தில், திராட்சைகள் ஊறிப் பருத்து, மெல்லப்படாமல் முழுசு முழுசாக வெளியே வந்தன. உதவியாளர் அவற்றைத் தட்டில் ஒதுக்கி, மீதிப் பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் வந்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே கரித்தூள் மருந்து புகட்டி, முன்னங்காலில் முடியை மழித்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதன்பின் எங்கள் வேலையெல்லாம் அது போதுமான அளவு சிறுநீர் கழிக்கிறதா என்று கவனிப்பதுதான். குறைந்தால் சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள்.

காத்திருக்கையில் மருத்துவர் சொன்ன ஒன்று தமிழ் வீடுகளுக்கு முக்கியமானது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். ரசம் சாதத்தை நாய்க்கு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சாம்பார் வெங்காயமும் பூண்டும் வேகவைத்தாலும் நஞ்சுதான். அவை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், சோர்வும் ஈறு வெளுப்பும் சில நாள் கழித்தே தெரியவரும்.

டிரிப்ஸ் 48 மணி நேரம் ஓடியது. 72 மணி நேரம் வரை எடுத்த ரத்தப் பரிசோதனைகளில், சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவுகளான கிரியாட்டினினும் யூரியாவும் ஏறவில்லை என்று உறுதியான பிறகே காலிலிருந்த ஊசிக்குழாயை அகற்றினார்கள்.