வார்ஸ்பைட் மாடல்: மூன்றாவது வாரம்

பிரிட்டிஷ் போர்க்கப்பல் வார்ஸ்பைட்டின் மாடலுக்கு இந்த வாரமும் டெக்கை (மேல்தளத்தை) ஒட்டவில்லை. உள்ளே ஒரு வேலை பாக்கி இருந்தது.

1/350 அளவு கிட். 196 மீட்டர் நீளக் கப்பல் என் மேசையில் 56 செ.மீ. பெட்டியில் இருப்பது 1942 தோற்றம். அந்த ஆண்டுதான் வார்ஸ்பைட் திருகோணமலைக்கு வந்து, பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கொடிக்கப்பலாக (தளபதி இருக்கும் தலைமைக் கப்பலாக) இருந்தது. எனக்கு வேண்டியதோ 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கிய நாள்.

முதலில் பீரங்கிகள். 15 அங்குலம் என்றால் 381 மி.மீ.; 350-ஆல் வகுத்தால் 1.1 மி.மீ. கை ட்ரில்லில் 1 மி.மீ. பிட் போட்டு எட்டுக் குழல்களின் வாயையும் திறந்தேன். முதல் இரண்டு ஓரம் தள்ளிப்போயின. அப்புறம் ஊசியால் நடுவில் புள்ளி குத்திக்கொண்டேன், சரியாக வந்தது.

அடுத்த சிக்கல், குழல்கள் 20 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. பீரங்கிகளைத் தாங்கும் சுழல் கோபுரத்தின் துளையில், மேல் விளிம்பில் இடித்தன. 1915-ல் அசல் கப்பலுக்கும் 20 டிகிரிதான் உச்சம், 22 கி.மீ. கூட எட்டாது. 1934-37-ல் போர்ட்ஸ்மத்தில் மாற்றிக் கட்டியபோது துளைகளை மேல்நோக்கிப் பெரிதாக்கி 30 டிகிரி ஏற வைத்தார்கள். அதன் பலன் 1940 ஜூலை 9 அன்று தெரிந்தது. தெற்கு இத்தாலியின் கலாப்ரியா அருகே, சுமார் 24 கி.மீ. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த இத்தாலியப் போர்க்கப்பல் ஜூலியோ செசரே மேல் வார்ஸ்பைட்டின் குண்டு விழுந்தது! ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை அவ்வளவு தூரத்தில் அடிப்பது சாதாரண விஷயமில்லை.

அதே வேலையை நானும் ஊசி அரத்தால் செய்தேன், நாலு கோபுரத்துக்கும் இரண்டு மாலை. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து 30-60 மூலைமட்டத்தை வாங்கி, அதன் மேல் சாய்த்து வைத்து ஆறு குழல்களை ஒட்டினேன்.

பின்பக்க எக்ஸ் கோபுரத்தின் இரண்டும் படுக்கையாகவே இருக்கும். 1943 செப்டம்பர் 16, இத்தாலியின் சலெர்னோவில் ஜெர்மானியர்களின் ரேடியோவால் இயக்கப்பட்ட ஃபிரிட்ஸ்-எக்ஸ் குண்டு புகைபோக்கி அருகே இறங்கி, கப்பலின் அடிவரை துளைத்துவிட்டது. ஓட்டையைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். ஒரு கொதிகலன் அறையைச் சீர்செய்யவே இல்லை. எக்ஸ் கோபுரமும் வேலைக்கு ஆகவில்லை. நார்மண்டியில் விடியற்காலையில் ஜெர்மானியர்களின் வில்லர்வில் பீரங்கித் தளத்தைச் சுட்டது மிச்சமிருந்த ஆறு குழல்கள்தான்.

பாக்கி வேலை அந்தக் கான்கிரீட். புகைபோக்கிக்கு நேர் கீழே, கப்பலின் அடியில், எம்-சீல் பிசைந்து நெல்லிக்காய் அளவு அப்பியிருக்கிறேன். டெக் மூடினால் யார் கண்ணிலும் படாது, ஆனால் அது இல்லாமல் மூட எனக்கு மனசு வரவில்லை. இன்று காலை தொட்டுப் பார்த்தேன், நன்றாக இறுகிவிட்டது. ராத்திரி டெக் ஒட்டுகிறேன்.