வரிசையில் கடைசியாக வரும் சுறா

மீனில் பாதரசம் பார்க்கும் கருவியில் மாதிரிகளைக் கண்டபடி ஏற்ற முடியாது. முதலில் நெத்திலி, சாளை. அப்புறம் சீலா, சூரை. கடைசியில்தான் சுறா. ஒரு மாதிரியில் பாதரசம் அதிகமாக இருந்தால், அதில் கொஞ்சம் கருவிக்குள்ளேயே தங்கி, அடுத்த மாதிரியின் கணக்கில் ஏறிவிடும். அதனால் குறைவானது முன்னால், கூடுதலானது பின்னால். சுறா முடிந்ததும் வெறும் கிண்ணத்தை இரண்டு மூன்று முறை ஓட்டி, கருவியைச் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில் ஏற்றுமதி மீன்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வெறும் செய்முறை விதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். போகப் போகத்தான் புரிந்தது, கடலுக்குள் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதுதான் கிட்டத்தட்ட அந்த வரிசை.

சோதனை சின்னது. தோலும் எலும்பும் நீக்கிய சதையை அரைத்து, அதில் 0.1 கிராம் அளவு நிக்கல் கிண்ணத்தில் வைக்கிறோம். ஆக்சிஜனில் அது எரிந்து தீரும். கிளம்பும் பாதரச ஆவியைத் தங்கம் பிடித்துக்கொள்ளும். தங்கத்தைச் சூடாக்கினால் ஆவி ஒரே மூச்சில் வெளியேறும், அது 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதுதான் அளவு. திரையில் நெத்திலிக்கு ஒரு சின்ன மேடு. சுறாவுக்கு வரும் கோடு செங்குத்தாக ஏறும்.

கடல் நீரில் பாதரசம் மிக மிகக் குறைவு. நிலக்கரிப் புகையிலிருந்தும் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் காற்றோடு வந்து சேர்வது அதில் கணிசம். ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் அதை, உடம்பில் எளிதாக ஏறித் தங்கும் மெத்தில் பாதரசம் என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. பெரிய தாவல் நடப்பது சுறாவிடம் இல்லை, தொடக்கத்திலேயே: நீரில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் அதைச் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகும். சுறாவுக்கு ஆயுளும் நீளம். தின்றதெல்லாம் வருடக்கணக்கில் சதையில் சேருகிறது.

எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் அக்கா ஒருநாள் கேட்டார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "தம்பி, பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊற சுறாப் புட்டுதான் குடுப்போம். அவ இப்பவே ஆசைப்படுறா. நம்ம மஞ்சத் தண்ணியில வேகவச்சு அந்தத் தண்ணியக் கொட்டிருவோம்லா, அதுல போயிராதா?"

போகாது அக்கா, என்றேன். மெத்தில் பாதரசம் கொழுப்பில் இருப்பதில்லை, புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலை உரித்தாலும், வேகவைத்தாலும், பொரித்தாலும் அது சதையை விட்டு வராது. நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றுப் பிள்ளையின் மூளைவரைக்கும் போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுப் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களுக்கு நேர்ந்து, 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த துயரத்தில், அதிக நோவு தெரியாத தாய்மார்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்.

"நீங்கதான் பாஸ்னு சீல் போடுறீங்களே?" என்றார்.

நியாயமான கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச வரம்பு சாளைக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், சுறாவுக்கு 1. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018-இல் சுறாவுக்கு மெத்தில் பாதரசம் 1.6 வரை விட்டது. மீனுக்கு மீன் வரம்பு மாறுகிறது. சாப்பிடும் உடம்பு ஒன்றேதான். அந்தந்த மீனில் வழக்கமாக எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் வரம்பு வைக்கிறார்கள். ஆகவே பாஸ் என்பது சரக்குக்கான பதில். கர்ப்பிணிக்கான பதில் இல்லை. இந்த வித்தியாசத்தை எங்கள் சான்றிதழில் எங்கும் காண முடியாது என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அக்காவுக்குக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மெத்தில் பாதரசம் இவ்வளவுக்கு மேல் உடம்பில் போகக் கூடாது என்று ஐநா அமைப்புகளின் நிபுணர் குழு வைத்த அளவு, உடல் எடை கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். மகளின் எடை 60 கிலோ என்றால் வாரத்துக்கு 96. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சுறாவின் பாதரசச் சராசரி கிலோவுக்கு 0.979 மில்லிகிராம். அப்படியானால் 100 கிராம் சுறாவில் 98 மைக்ரோகிராம், ஒரே தட்டில் ஒரு வாரக் கணக்கு தீர்ந்துவிடும். அதே பட்டியலில் சாளைக்கு 0.013, 100 கிராமுக்கு 1.3 மைக்ரோகிராம்தான்.

மீனையே நிறுத்தச் சொல்லவில்லை, அது தப்பு. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு மீன் கொழுப்பும் வேண்டும். குழந்தை பிறக்கும்வரை சுறா வேண்டாம், சாளையும் நெத்திலியும் தாராளமாகக் கொடுங்கள் என்றேன். பிறந்த பிறகும் புட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் சின்னப் பால் சுறாவாகப் பார்த்து எப்போதாவது வாங்குங்கள், பெரிய சுறாவை வெட்டி எடுத்த துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். தாய்ப்பாலில் போவது கருவுக்குப் போவதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

அவர் அந்தத் தாளை மடித்து வாங்கிக்கொண்டார். சம்பந்தியம்மாவிடம் காட்ட வேண்டுமாம்.