தொட்டிக்கரி வாயுவில் ஓடும் ஜெனரேட்டர்: இதுவரை வந்த நிலை

163 சிசி பெட்ரோல் ஜெனரேட்டர் இப்போது முழுக்கத் தேங்காய்த் தொட்டிக் (சிரட்டை) கரியில், அதைக் குறைந்த காற்றில் எரித்து எடுக்கும் வாயுவில் ஓடுகிறது. பெட்ரோலில் 2 கிலோவாட்டைத் தாண்டித் தாங்கும் எஞ்சின், இந்த வாயுவில் 1 கிலோவாட்டுக்குச் சற்று மேலே போனாலே திணறும். ஒரு கிலோ கரிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வருகிறது.

விறகை விட்டுக் கரிக்கு வந்ததற்குக் காரணம் அளவுதான். இந்த எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் மணிக்கு 5 கனமீட்டர் வாயுதான் இழுக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் கார்களையும் லாரிகளையும் ஓட்டிய, விறகை வாயுவாக்கும் இம்பர்ட் வகை அடுப்பை இந்த அளவுக்குச் சுருக்கினால் அதன் கழுத்து (நெருப்புக்குள் இறங்கும் குறுகிய இடம்) 4 செ.மீ.தான் இருக்கும். அதில் விறகுத் துண்டு அடைத்துக்கொள்ளும். அகலப்படுத்தினாலோ சூடு போதாமல், விறகுப் புகையிலுள்ள தார் சிதையாமல் அப்படியே வந்து வால்வில் ஒட்டும். கரியில் அந்தத் தாரை ஏற்கெனவே எரித்து வெளியேற்றியாகிவிட்டது.

அடுப்பு 35 செ.மீ. குறுக்களவுள்ள இரும்பு டிரம். அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் ஒரு பக்கம் காற்றுக்குழாய், அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் வாயு வெளியேறும் குழாய். வெளியேறும் வாயில் 6 மி.மீ. கண்ணுள்ள வலை. காற்றுக்குழாய் உள்ளே 8 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், முனைத் துளை 12 மி.மீ. இந்தத் துளையில் காற்று நொடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் பாயும். துளை பெரிதானால் வேகம் குறைந்து நெருப்பு பரந்துவிடும், வாயு மெலியும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம்: சூட்டில் அந்தத் துத்தநாகம் புகைந்து காய்ச்சலைக் கொடுக்கும். பூச்சில்லாத கறுப்பு எம்எஸ் (இரும்பு) பைப் போதும்.

தொல்லை கொடுப்பதும் அந்த முனைதான். கரியும் காற்றும் மட்டும் சேர்ந்தால் முனைக்கு எதிரே 1200 டிகிரியை எளிதில் தாண்டும், குழாய் நுனி உருகித் தேயும். சுவரைத் தடிமனாக்கிப் பயனில்லை, வேதியியலைத்தான் மாற்ற வேண்டும். காற்றோடு கொஞ்சம் தண்ணீர் போனால், அது கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாறும்போது சூட்டை விழுங்கிக்கொள்ளும். முனை பிழைக்கும், வாயுவும் வளம் பெறும். ஒரு கிலோ கரிக்கு 150 மில்லி தண்ணீர் சரியான அளவு. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் டிரிப் செட்டே இதற்குப் போதும்: 20 சொட்டு 1 மில்லி என்பதால், மணிக்கு ஒரு கிலோ கரி எரியும்போது நிமிடத்துக்கு 50 சொட்டு. அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகே திறக்க வேண்டும். லோடைக் குறைத்தால் சொட்டையும் குறைக்க வேண்டும். மறந்தால் நெருப்பு குளிர்ந்து கார்பன் டை ஆக்சைடு கூடும், எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும்.

கரி வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தொட்டிக்கரிக்குப் பஞ்சமில்லை, ஆனால் குழியில் சுட்டதில் மணல் கலந்திருக்கும். தொட்டிச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. மணலோடு சேர்ந்தால் கண்ணாடிபோல் உருகி முனைக்கு முன்னால் கட்டியாக நிற்கும். டிரம்மில் சுட்ட கரி இதற்கு மேல். நன்றாக வெந்த துண்டை உடைத்தால் முறிவு பளபளக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். நெருப்பில் வைத்ததும் புகைந்தால் அது அரைவேக்காடு, அடுப்பில் போடவே கூடாது. 8 முதல் 20 மி.மீ. வரையான துண்டுகளாக உடைத்து, 3 மி.மீ. சல்லடையில் தூளை நீக்க வேண்டும். தூள் இருந்தால் இழுப்பு தடைபடும்.

வாயு முதலில் சுழலவிட்டுத் தூசியைப் பிரிக்கும் சைக்ளோனுக்கும், அடுத்து 3 மீட்டர் வெறும் இரும்புக் குழாய்க்கும், கடைசியாக வடிகட்டி வாளிக்கும் போகிறது. வாளியில் கீழே தேங்காய் நார், மேலே பருத்தித் துணி. துணிக்கு வரும்போது கையால் தொடும் சூடுதான் இருக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகு இல்லையென்றால் தண்ணீர் தேங்கித் துணி நனைந்து அடைக்கும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் விட்டு யு வடிவ அளவி கட்டியிருக்கிறது: புதுத் துணியில் வித்தியாசம் 5 செ.மீ., 20-ஐத் தொட்டால் துணி மாற்ற வேண்டும்.

எஞ்சின் பக்கம் மாற்றம் குறைவு. காற்றுக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என இரண்டு முக்கால் அங்குல பால் வால்வுகள், இரண்டையும் சேர்க்க T வடிவ இணைப்பு ஒன்று. கலவை கார்புரேட்டர் வழியாகவே போவதால் வேகத்தைச் சீராக்கும் கவர்னர் வழக்கம்போல் வேலை செய்யும். வாயுவும் காற்றும் ஏறத்தாழ சரிபாதி. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. தொடங்கும்போது 12 வோல்ட் புளோயரால் இழுத்து, புளோயர் வாயில் கொளுத்திப் பார்க்க வேண்டும். நீலச் சுடர் நிலையாக நின்றால்தான் எஞ்சினுக்குத் திருப்பலாம். மஞ்சளாகப் புகைந்தால் கரியைச் சந்தேகப்படுங்கள்.

இந்த வாயுவில் 30 சதவீதம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. மணம் கிடையாது. ஓடும்போது உள்ளே இழுவிசை இருப்பதால் கசிவு வழியே காற்று உள்ளே போகும். நிறுத்திய பிறகுதான் வாயு வெளியே வரும், அதுவும் மணிக்கணக்கில். ஆகவே திறந்த வெளி, மோனாக்சைடு அலாரம், நிறுத்தியதும் இரு முனையும் மூடி. சூடாக இருக்கும்போது டிரம்மின் மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் வாயு காற்றோடு கலந்து குப்பென்று பிடிக்கும். மூடியை போல்ட் போட்டு இறுக்காமல் ஸ்பிரிங்கில் அழுத்தி வைத்திருப்பதும் அதனால்தான்.

இதே வாயுவிலிருந்து டீசல் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 1920-களில் ஃபிஷர், ட்ராப்ஷ் என்ற வேதியியலாளர்கள் ஜெர்மனியில் வகுத்த முறைதான் அது. தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்து இன்றும் செய்கிறது. அதற்கு ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்குச் சுமார் இரண்டு பங்கு ஹைட்ரஜன் வேண்டும். நம் வாயுவில் ஹைட்ரஜன் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதியில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். தூய ஆக்சிஜன், கந்தகம் நீக்கிய வாயு, 20 பார் அழுத்தம், 200 டிகிரிக்கு மேல் சூட்டைப் பிடித்து நிறுத்தும் வினையூக்கிப் படுகை, எல்லாம் சேர்ந்தால்தான் சொட்டு விழும். விஷ வாயுவைக் கொல்லைப்புறத்தில் 20 பாருக்கு அழுத்துவது நமக்கான வேலை இல்லை.

அடுத்து, தண்ணீர்ச் சொட்டுக்குப் பதில் சைலன்சர் புகையில் ஒரு பங்கைக் காற்றுக்குழாய்க்குத் திருப்பும் அமைப்பு. புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் அதே குளிர்ச்சியைத் தரும். லோடு குறைந்தால் புகையும் தானே குறையும், சொட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அரை அங்குலக் குழாயும் ஒரு வால்வும் பொருத்தியாகிவிட்டது.