சிங்கிள் என்ட்ரி விசாவோடு சான் மரினோ போய்வந்தேன்

இத்தாலி போக எனக்குக் கிடைத்தது சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா. அதாவது, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளுக்குள் ஒரே ஒரு முறைதான் நுழையலாம். திட்டத்தில் சான் மரினோ என்ற குட்டி நாடும் இருந்தது. அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கன் உடன்படிக்கையிலும் இல்லை. அங்கே போய்விட்டு இத்தாலிக்குத் திரும்பினால் இரண்டாவது நுழைவாகிவிடுமோ என்ற பயம், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு நியாயமான பயம்தான். போய்வந்த பிறகு சொல்கிறேன்: ஒரு சிக்கலும் இல்லை. ஊர் திரும்பும்போது விமான நிலைய அதிகாரி முதலில் இத்தாலிக்குள் வந்த தேதியைப் பார்த்தார், வெளியேறும் முத்திரையைக் குத்தினார், அவ்வளவுதான்.

அந்த நாடே 61 சதுர கிலோமீட்டர். நாலு பக்கமும் இத்தாலி. விமானமோ ரயிலோ நேராகப் போகாது. இத்தாலி வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் இத்தாலிக்குள் இருக்க அனுமதி இருந்தால் போதும், சான் மரினோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் நீங்கள் வெளியே போனதாக எங்கும் பதிவாகாது. ஷெங்கன் நாள் கணக்கும் நிற்காமல் ஓடும்.

பக்கத்திலுள்ள இத்தாலிய நகரமான ரிமினியின் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பஸ் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் மலைமேல் இருக்கும் பழைய நகரத்துக்குப் போய்விடலாம். எல்லையில் தொகானா என்ற இடத்தில் சாலைக்கு மேலே வரவேற்புப் பலகை வந்தது. பஸ் நிற்கக்கூட இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வழியில் போலீஸ் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்றிய நாட்டு சிம்மை மற்ற ஒன்றிய நாடுகளில் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி சான் மரினோவுக்குப் பொருந்தாது. போன் அந்த நாட்டு நெட்வொர்க்குக்கு மாறினால் தனிக் கட்டணம் வரலாம். நான் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டேன். அடுத்தது பயணக் காப்பீடு. ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் சான் மரினோவும் சேருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணத்துக்குக் கவலையில்லை, அங்கேயும் யூரோதான்.

பழைய நகரத்தின் சுற்றுலா அலுவலகத்தில் 5 யூரோ கொடுத்தால் பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்துகிறார்கள். கட்டாயமில்லை, நினைவுக்குத்தான். நான் ஆசையாகவே வாங்கிக்கொண்டேன்.

என்னை நிறுத்தி வைத்தது அங்குள்ள பழைய ரயில்பாதைதான். 1932-இல் ரிமினியிலிருந்து மலை உச்சிவரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில், 1944-இல் குண்டுவீச்சில் பாதை சிதைந்தது. அதோடு ரயிலும் நின்றது. போர் ரிமினியை நெருங்கியபோது சுமார் ஒரு லட்சம் பேர் இந்தக் குட்டி நாட்டில் அடைக்கலம் புகுந்தார்கள் என்கிறார்கள். நாட்டின் சொந்த மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு! ரயில் சுரங்கங்களுக்குள்ளேயே குடும்பம் குடும்பமாகத் தங்கியிருக்கிறார்கள். இன்று நாம் கேள்வியே இல்லாமல் கடக்கும் இதே எல்லையை அவர்கள் உயிருக்குப் பயந்து கடந்தார்கள் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

எல்லோரும் மலை உச்சியிலுள்ள மூன்று பழைய கோட்டைக் கோபுரங்களைப் பார்க்க ஓடுகிறார்கள். பாருங்கள், அப்புறம் அந்தச் சுரங்கப்பாதைக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். ரிமினிக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.