பாதி டைல் தள்ளி

செங்கல் கட்டிப் பழகிய கையோடுதான் டைல்ஸ் வேலைக்கு வந்தேன். சித்தாளாக இருந்தபோதே மேஸ்திரி மண்டையில் ஏற்றிய பாடம், மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது. வந்தால் சுவர் அந்த வாக்கிலேயே பிளக்கும். டைலுக்கு அந்தப் பயம் இல்லை. பின்னால் இருக்கும் பூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். செங்கல் வரிசை மாதிரி ஒவ்வொரு வரியையும் பாதி டைல் தள்ளி ஒட்டும் பிரிக் பேட்டர்ன் அதில் வெறும் அழகு. இது எனக்கு உறைக்கச் சில வருஷம் ஆனது.

சமையலறைச் சுவருக்கு மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல் கேட்பவர்கள் இப்போது நிறைய. 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டிய டைல், அதனால்தான் சப்வே டைல் என்று பெயர். சின்ன டைல் என்பதால் பாதி தள்ளி ஒட்டுவதில் சிக்கல் இல்லை. கவனம் வேண்டியது ஓரத் துண்டில்தான். டைலுக்கு டைல் இடைவெளி விட இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேஸர் வைத்தால், அரைத் துண்டு சரிபாதியைவிட ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டும். அப்போதுதான் மூட்டு கீழ் டைலின் நட்டநடுவில் விழும். மெஷினில் அறுத்தால் பிளேடு தின்னும் தூளே ஏறக்குறைய அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

தரையில்தான் மாட்டினேன். கோவையில் ஒரு வீடு, படுக்கையறைக்கு மரப்பலகை மாதிரி டைல், எட்டுக்கு நாற்பத்தெட்டு அங்குலம். சுவரில் போட்ட பழக்கத்தில் பாதி பாதியாகத் தள்ளிப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் ஜன்னல் வெயில் தரையில் படுத்தபோது மூட்டுக்கு மூட்டு நிழல் தெரிந்தது. வீட்டுக்காரர் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, “மேஸ்திரி, கால்ல தட்டுதே” என்றார். தளத்தில்தான் கோளாறு என்று நினைத்து ரசமட்டத்தோடு அறை முழுக்கத் தவழ்ந்தேன். தளம் சரியாகத்தான் இருந்தது.

மிச்சமிருந்த இரண்டு டைலை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டின, முனையில் ஏடிஎம் கார்டு நுழைந்தது. நீள டைல் சூளையில் வேகும்போது லேசாக வளைந்துவிடும். பாதி தள்ளிப் போட்டால் ஒன்றின் மேடான நடுப்பகுதிக்குப் பக்கத்தில் அடுத்ததன் தாழ்ந்த முனை வந்து உட்காரும். பக்கத்து டைல்களை ஒரே மட்டத்தில் பிடித்து வைக்கும் லெவலிங் கிளிப் கொஞ்சம் சமாளிக்கும், வளைவை நிமிர்த்தாது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 அங்குலம் தள்ளினால் அந்த ஏற்ற இறக்கம் குறையும். 33 சதவீதத்துக்கு மேல் தள்ள வேண்டாம் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. பெட்டியை யார் படிக்கிறார்கள்? அதன்மேல் உட்கார்ந்துதான் டீ குடித்தோம்.

என் செலவில் உடைத்து மாற்றினேன். பசை இறுகிய டைல் முழுசாக வராது, துண்டுதுண்டாகத்தான் வரும். கட்டிலுக்கு அடியில் போகும் நாலு வரியை மட்டும், “அது கிடக்கட்டும் மேஸ்திரி” என்று வீட்டுக்காரரே விட்டுவிட்டார்.

போன மாதம் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார்களாம். போன் இன்னும் வரவில்லை.